பூச்சி விரட்டும் தாளம்

மகோரோகுவை அடக்கம் செய்துவிட்டு வந்து நாங்கள் கால்கூடக் கழுவவில்லை. அதற்குள் ஊரில் கதை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தனி ஆளாக ஒரு முரசை வைத்துக்கொண்டு எதிரிப் படையையே நிறுத்தி வைத்தானாம். குரோசே பிரபு தன் கையாலேயே மேலங்கி போர்த்தினாராம். நரம்பில்லாத நாக்கு, எதை வேண்டுமானாலும் பேசும். அந்தக் காலையில் சதுப்பு நிலத்தில் நின்ற எங்கள் ஒக்குனோ ஊர்க்காரர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். மேலங்கி கொடுத்தது நிஜம். மற்றதை என்னைக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

மகோரோகு குட்டையான ஆள். விவசாயத்தில் பெரிய சூரன் ஒன்றும் கிடையாது. அவன் நட்ட நாற்று கோணலாகத்தான் நிற்கும். "குடிச்சுட்டு நட்டியா?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவன் குடிக்கவும் மாட்டான், அதுதான் வேடிக்கை. அப்பா அம்மா காய்ச்சலில் போன பிறகு தம்பி தோசாகுவை வளர்த்தது அவன்தான். தான் குதிரைவாலிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, இருக்கிற கொஞ்சம் அரிசியைத் தம்பிக்கு வடித்துப் போடுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இவனுக்கு ஒருத்திய பாக்கலாம், எனக்கு என்ன அவசரம்" என்பான். தோசாகு அண்ணனைவிட ஒரு முழம் உயரமாக வளர்ந்தான். ஊரே அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். அதைப் பார்த்து மகோரோகுவுக்கு வந்த பெருமை இருக்கிறதே, தானே பெற்ற மாதிரி.

அவனுக்கு உருப்படியாக வந்த ஒரே வேலை முரசு அடிப்பது. எங்கள் ஊரில் நெல் தூர் கட்டுகிற மாதத்தில் பூச்சி விரட்டுவோம். வைக்கோலில் ஆள் உயரப் பொம்மை செய்து, பந்தம் பிடித்து, வரப்பு வரப்பாக ஊரே நடக்கும். முன்னால் முரசு போகும். புகையான், தத்துப்பூச்சி எல்லாவற்றையும் அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஊர் எல்லையில் பொம்மையோடு ஆற்றில் விட்டுவிடுவோம். பொம்மை தண்ணீரில் விழுந்ததும் தாளம் மாறும். இரண்டு கனத்த அடி, கொஞ்சம் இடைவெளி, பிறகு விளிம்பு மரத்தில் கோலால் ஒரு தட்டு. அந்தத் தாளம் காதில் விழுந்தால் எல்லாரும் திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டும். பின்னால் பார்க்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பூச்சி ஊருக்குத் திரும்பி வந்துவிடும். என் சித்தி ஒரு வருஷம் காலில் முள் ஏறி, ரத்தம் சொட்டச் சொட்ட, ஒரு முனகல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்து, கதவைச் சாத்திய பிறகுதான் 'ஐயோ' என்றாள். எங்களுக்கு அது அப்படி உடம்பில் ஊறிப்போன விஷயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நுமாஜிரி ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கமே கிடையாது. கோயிலில் மந்திரித்த தாளை வாங்கி வந்து வயலில் குச்சியில் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

ஒரு வருஷம் பூச்சி ஓட்டும்போது பிரபுவின் அதிகாரி குஷிதா அந்த வழியாகக் குதிரையில் வந்தார். நின்று முரசைக் கேட்டார். அறுவடை முடிந்ததும் மகோரோகுவை முரசுக்கும் எங்களை ஈட்டிக்குமாகப் படைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போர்முரசுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் அதைச் சட்டத்தோடு முதுகில் கட்டிக்கொண்டு எதிரியைப் பார்த்து நிற்பான். இன்னொருத்தன் பின்னால் நின்று அடிப்பான். சுமக்கிறவனுக்குச் சண்டை முழுதும் தெரியும், ஆனால் கையில் ஆயுதம் கிடையாது. அடிக்கிறவனுக்கு மாட்டுத் தோலைத் தவிர எதுவும் தெரியாது. மகோரோகுவுக்கு முரசு சுமந்தவர் நுமாஜிரியைச் சேர்ந்த குமாசோ. மலை மாதிரி ஆள். மனைவி இல்லாதவர். இவகிச்சி என்று ஒரே பையன்.

குமாசோவும் மகோரோகுவும் சேர்ந்துவிட்டால் முகாமில் ஒரே கேலிதான்.

"அம்பு வந்தா எனக்கு, பேரு வந்தா உனக்கு. நல்ல பங்குடா இது," என்பார் குமாசோ.

"நீ அகலமா இருக்கறதாலதான் அண்ணே நான் இன்னும் உயிரோட இருக்கேன். இன்னும் கொஞ்சம் சாப்பிடு," என்று மகோரோகு தன் பங்குச் சேப்பங்கிழங்குத் தண்டை அவர் கலயத்தில் போடுவான்.

"இருபது அடி அடிச்சா என் குலை நடுங்குது. ராத்திரி படுத்தாலும் முதுகுல தாளம் ஓடுதுடா. காது போனாலும் எனக்கு நீ என்ன அடிக்கறேன்னு முதுகு சொல்லும்."

அது வெறும் பேச்சில்லை. குமாசோவுக்கு அப்போதே ஒரு காது பாதி போயிருந்தது. ஆனால் மகோரோகு ஒரு அடி தப்பாக அடித்தால், திரும்பிப் பார்க்காமலேயே, "என்னடா, பொண்ணு ஞாபகமா?" என்று கேட்பார்.

படையில் சட்டம் ஒன்றுதான். முரசு அடித்தால் முன்னே போ. சேகண்டி அடித்தால் பின்னே வா. இரண்டும் இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நில். யாரையும் எதுவும் கேட்காதே. இதை மீறினால் தலை இருக்காது.

இனி அந்தக் காலை. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் எதிரி. இந்தப் பக்கம் நாங்கள், முன்வரிசையில் நீள ஈட்டியோடு. வலது கோடியில் ஒக்குனோ, எங்களை ஒட்டி நுமாஜிரி. எங்கள் ஊர்க்கொடியைத் தோசாகு பிடித்திருந்தான். எங்களுக்குப் பின்னால் சின்னக் குன்றில் முரசு. அதற்கும் பின்னால் பிரபுவும் பெரும்படையும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பனி என்றால் அப்படி ஒரு பனி. பக்கத்தில் நிற்பவன் மூக்கைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.

குன்றில் என்ன நடந்தது என்று மகோரோகு எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னான். விடிந்ததும் குஷிதா வந்தார். எதிரி எங்களைப்போல் மூன்று பங்கு என்று வேவுக்காரன் சொல்லிவிட்டானாம். பிரபு பனியோடு பனியாகக் கணவாயைத் தாண்டிப் போய்விட்டாராம். சேகண்டியும் அவரோடே போய்விட்டது.

"சூரியன் உச்சிக்கு வர வரைக்கும் முன்னேறுன்னு அடி," என்றார் குஷிதா. "சத்தம் கேட்டா முழுப் படையும் இங்கதான் இருக்குன்னு அவன் நினைப்பான். அப்புறம் முரசைப் போட்டுட்டு ஓடிடு."

"கீழ நிக்கறவங்க, ஐயா?"

"அவங்க நின்னாத்தான் பிரபு போய்ச் சேர முடியும்."

"என் தம்பி நிக்கறான்."

"தெரியும். எல்லாரும் யாருக்காவது தம்பிதான்." அதைச் சொல்லிவிட்டு அவர் குதிரை ஏறினார்.

குமாசோவின் செத்த காது அந்தப் பக்கமாக இருந்தது. இந்தப் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. மகோரோகுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பேன் நான். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்த நேரத்தில் அவன் தலைக்குள் தோசாகுவைத் தவிர யாருமே இல்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது தம்பியின் கால் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே நினைவுக்கு வந்துகொண்டிருந்ததாம்.

கொஞ்ச நேரம் முன்னேறு என்று அடித்தான். நாங்கள் கீழே சேற்றில் அடி எடுத்து வைத்தோம். பிறகு தாளம் மாறியது. இரண்டு கனத்த அடி. இடைவெளி. விளிம்பில் ஒரு தட்டு.

குமாசோ கேட்டிருக்கிறார், "என்னடா இது? எந்தத் தாளம்?"

"பனியில தோல் தொய்ஞ்சுடுச்சு, அண்ணே. விளிம்புல தட்டி இழுத்து அடிக்கறேன். நீ நேரா நில்லு."

கீழே எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அது பூச்சித் தாளம் என்று பிடிபட்டது. தோசாகு நின்றுவிட்டான். கொடியைத் திருப்பிப் பிடித்தான். அண்ணன் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறான் என்று அதற்கு அர்த்தம். பின்னால் யாரும் இல்லை போலிருக்கிறது என்று எனக்கும் பட்டது. அவன் கொடியைத் திருப்புவதற்கு முன்பே எங்களில் பாதிப் பேர் திரும்பியிருந்தோம். உடம்பு தானாகத் திரும்பியது.

பக்கத்தில் நுமாஜிரி வரிசையின் கடைசி ஆள் இவகிச்சி. குமாசோவின் பையன். எனக்கு ஈட்டி நீளம் தூரத்தில்தான் நின்றான். "டேய், எங்கடா போறீங்க?" என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்லவில்லை. பயத்தால் இல்லை. அந்தத் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது ஒக்குனோக்காரன் பேச மாட்டான். அவ்வளவு பேரில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. தோசாகுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். பூச்சிக்குப் பயந்து மனுஷனை விட்டுவிட்டு வந்தோம் என்பான். அப்படித்தான் நடந்தது.

எங்கள் முதுகைப் பார்த்து இவகிச்சி சொன்னான், "சேகண்டி அடிக்கல. முரசுதான் அடிக்குது. அது எங்கப்பா முதுகுலேர்ந்து வர சத்தம். எங்கப்பா நிக்கற வரைக்கும் நான் நிப்பேன்." பிறகு தன் ஊர்க்காரர்களைப் பார்த்து, "திரும்பாதீங்க, முரசு நிக்கல," என்று கூவினான். அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. இத்தனை வயதுக்கப்புறமும் நான் திரும்பிப் பார்க்கவில்லையே என்று நெஞ்சு எரிகிறது.

பனி விலகியபோது குன்றில் குமாசோ பார்த்தார்.

"உங்க ஊர்க்கொடி காணோமே," என்றார்.

மகோரோகு அடித்துக்கொண்டே இருந்தான்.

"எங்க கொடி மட்டும் நிக்குது. டேய், எதிரிங்க சதுப்பைத் தாண்டிட்டானுங்க. நிறுத்து. பின்னால வரச்சொல்லு. சேகண்டி எங்க?"

மகோரோகு நிறுத்தினான். நிறுத்தி என்ன பயன்? முரசு நின்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் சட்டம். நுமாஜிரிக்காரர்கள் நின்றார்கள். குமாசோ முரசுப் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே குன்றில் பாதி இறங்கினார். அதற்குள் கீழே கொடி சாய்ந்துவிட்டது. மகோரோகுதான் அவரை இழுத்துக்கொண்டு கணவாய்க்கு ஓடினான். எதிரி துரத்தவில்லை. காலியான குன்றைப் பார்த்து இது ஏதோ பொறி என்று நினைத்துத் தயங்கிவிட்டான்.

நாங்கள் காட்டு வழியாக ஊரை நோக்கிப் போனோம். வழியில் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போதுதான் முதல் வார்த்தை வந்தது. தோசாகு சொன்னான், "முரசைப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா அண்ணன் தலை போயிடும். கேட்டா, நான் பயந்து ஓடினேன், நீங்க என் பின்னால வந்தீங்க, அவ்வளவுதான்."

"உன் தலை போகுமேடா," என்றேன்.

"போனாப் போகுது. அது அவன் சோறு போட்டு வளத்த தலைதானே," என்று சிரித்தான். பற்கள் கிடுகிடுவென்று ஆடின.

பிரபுவின் கோட்டைக்கு எங்களை வரவழைத்தார்கள். முற்றத்தில் கூழாங்கல்லின்மேல் மண்டியிட்டு உட்கார்ந்தோம். முதலில் பரிசு. முரசு கடைசிவரை ஒலித்ததால்தான் பிரபு உயிரோடு வந்தார் என்று குஷிதா எல்லார் முன்னாலும் சொல்லி, மகோரோகுவின் தோளில் சிவப்பு மேலங்கியைப் போட்டார். தகுதியே இல்லாதவன் மாதிரி அவன் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அடுத்து விசாரணை. நுமாஜிரியில் குற்றுயிராகத் திரும்பியவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஒக்குனோவில் மட்டும் போன அத்தனை பேரும் எப்படித் திரும்பி வந்தார்கள்?

தோசாகு முன்னால் நகர்ந்து தலை குனிந்தான். "நான்தான் ஐயா. முரசு முன்னேறுன்னுதான் அடிச்சுது. எனக்குப் பயம் வந்துடுச்சு. கொடியைத் திருப்பிட்டேன். இவனுங்க கொடியப் பாத்து வந்துட்டானுங்க."

மகோரோகு மேலங்கியைக் கழற்றித் தரையில் வைத்தான். "பொய், ஐயா. நான் தாளத்தை மாத்தினேன். எங்க ஊர்ப் பூச்சித் தாளம். அது கேட்டா எங்க ஊர்க்காரன் திரும்பித்தான் ஆகணும். அவன்மேல தப்பில்ல. என்னை வெட்டுங்க."

நான் துணிந்து, "ஆமாங்க ஐயா, நாங்க எல்லாரும் கேட்டோம்," என்றேன். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். குஷிதாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஓடினவன் ஒரு கதை சொல்றான், அண்ணன் ஒரு கதை சொல்றான், ஊரே சேர்ந்து இன்னொரு கதை சொல்லுது. பூச்சித் தாளமா? பிரபுவோட முரசுலயா?" என்று அவர் குமாசோவின் பக்கம் திரும்பினார். "நீ நுமாஜிரிக்காரன். உன் பையன் அங்க செத்திருக்கான். உனக்கு இவங்களக் காப்பாத்தணும்னு ஒண்ணும் இல்ல. முரசு உன் முதுகுல இருந்துது. தாளம் மாறிச்சா?"

குமாசோ உண்மையைச் சொல்வார், மகோரோகு செத்தான் என்றுதான் நினைத்தேன். மகோரோகு அவரை எப்படிப் பார்த்தான் தெரியுமா? சொல்லிவிடு, அண்ணே, சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. சாவதற்காக ஒருத்தன் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

குமாசோ நிதானமாகச் சொன்னார். "மாறல, ஐயா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் முன்னேறுன்னுதான் அடிச்சான். நல்லா அடிச்சான். என் முதுகுக்குத் தெரியாம எதுவும் அடிக்க முடியாது."

"அண்ணே," என்றான் மகோரோகு. "அண்ணே, உண்மையைச் சொல்லு."

"தம்பி மேல பாசம், ஐயா. அதான் உளறுறான். மன்னிச்சுடுங்க," என்றார் குமாசோ.

குஷிதாவுக்குக்கூட அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்தது. எவ்வளவு நல்ல மனசு பார், மகனைப் பறிகொடுத்தும் தோழனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எங்களை உழவுக்கு ஆள் இல்லை என்பதால் விட்டார்கள். தோசாகுவை அன்று மதியமே தலையை வெட்ட ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். மகோரோகுவை நாங்கள் பலபேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோசாகு போகும்போது எங்களைப் பார்த்து, "அண்ணனுக்கு நாத்து நடத் தெரியாது, கொஞ்சம் பாத்துக்குங்க," என்றான். அவ்வளவுதான். அழுகை வருகிறது, இருங்கள்.

சாயங்காலம் கோட்டை வாசலில் குமாசோ செருப்புக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். மகோரோகு அவர் எதிரில் போய் நின்றான். அடிக்கப் போகிறானோ என்று நானும் பின்னால் போனேன்.

"ஏன் பொய் சொன்னே? நான் செய்ததுக்கு என்னைக் கொன்னிருக்கலாமே."

குமாசோ தலையைத் தூக்காமலேயே பேசினார். "தப்பிச்சு வந்த எங்க ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான். உங்க ஊர்க்காரனுங்க எல்லாரும் போனப்ப எம்புள்ள போகலையாம். அப்பா முதுகுலேர்ந்து வர சத்தம்னு நின்னானாம்." கயிற்றை இறுக்கினார். "நான் அவனக் கொன்ன முரசைச் சொமந்துகிட்டு உயிரோட இருக்கேன். நீயும் இரு."

யானைக்கும் பானைக்கும் சரியாகிவிட்டது என்று எங்கள் ஊரில் ஒரு கிழவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை வரப்பிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். எதற்கு எது சரியானது? அங்கே ஒரு பையன், இங்கே ஒரு பையன். உத்தரவு போட்டவர் கணவாய்க்கு அந்தப் பக்கம் சுகமாகத்தான் இருந்தார்.

மகோரோகு தூக்கு மாட்டிக்கொள்ளப் பார்த்தான், நாங்கள் இறக்கினோம். சோறு இறங்காமல் கிடந்தான், வாயில் கஞ்சியை ஊற்றினோம். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. பூச்சி விரட்ட வேறு ஆளை வைத்துக்கொண்டோம். அந்தத் தாளம் வரும் நாளில் அவன் மலைக்குப் போய்விடுவான்.

அந்தக் குளிர்காலத்துப் பனி உருகியதும் பிரபு மறுபடி படை திரட்டினார். ஓலை வந்ததற்கு மறுநாள் எங்கள் ஊருக்குள் குமாசோ நடந்து வந்தார், முதுகில் முரசு. தலை முழுதும் நரைத்திருந்தது. இன்னொரு காதும் போய்விட்டதென்று, கூப்பிட்டும் திரும்பாததிலேயே தெரிந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக மகோரோகுவின் வீட்டு வாசலுக்குப் போனார்.

மகோரோகு வெளியே வந்தான். "வேற ஆளக் கூட்டிக்கிட்டுப் போ, அண்ணே," என்று அவர் முகத்துக்கு நேரே கையால் சைகை காட்டினான். "என்னால முடியாது."

குமாசோ தலையை ஆட்டினார். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கால்களை அகட்டி நின்றார். "அடி," என்றார். "ஒரு அடி மாறினாலும் எனக்குத் தெரியும்."

மகோரோகு கோலை எடுத்தான். அதற்குப் பிறகு குரோசே பிரபுவின் எல்லாச் சண்டையிலும், குமாசோ சாகிற வரைக்கும், அவர்கள் இரண்டு பேரும்தான் போனார்கள்.